‘அவங்க’ என்றால் எத்தனை பேர்

என் பெரியப்பா படம் பார்த்துவிட்டு வந்தால் ஒன்று சொல்வார். “புஸ்தகத்துல இருந்தவன் எங்க, இங்க வந்து நிக்கிறவன் எங்க...” என்று ஆரம்பிக்கும். நடுவில் ஏதோ வரும், கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். நடுவில் இருந்தது என்னவென்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. கெட்ட வார்த்தை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நான் செய்வது, அடுத்தவர் வாயசைவின் அளவுக்குச் சொல் தைத்துக் கொடுக்கும் வேலை. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க வசனம் எழுதுவேன். தமிழ்ப் படங்களுக்குக் கீழே ஓடும் மலாய், ஆங்கில வரிகளும் எழுதுவேன். ஆரம்பப் பள்ளி தமிழில், இடைநிலைப் பள்ளி மலாயில், அதற்குப் பிறகு இங்கிலாந்தில் இதே வேலையில் பல வருடம். திரும்பி வந்து இப்போது ஜொகூரில் தம்போயில், டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். என்னிடம் அதிகம் வருவது மாயாஜால நாவல்களைப் படமாக்கிய சரக்குதான். பிடித்த நாவலைத் திரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நாம் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

சிரிக்காத மந்திரவாதி

நான் ஊர் திரும்பிய புதிதில் வெளிநாட்டுத் தொடர் ஒன்று வந்தது. அதில் ஒரு மந்திரவாதி. அனாதைப் பையன் ஒருவனை எடுத்து வளர்க்கிறார், படிக்க வைக்கிறார், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருக்கிறார். அந்தப் பையனை ஒருநாள் பலி கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். நாவலில் அந்த மனிதர் கடைசிவரை இந்தப் பக்கமும் சாயமாட்டார், அந்தப் பக்கமும் சாயமாட்டார். தொடரில் நடித்தவரும் அப்படியே அடக்கமாக நடித்திருந்தார்.

தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒருவர் குரல்பதிவைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மந்திரவாதி முதுகு காட்டி நடக்கும் இடங்களில் ஒரு சிரிப்புச் சத்தம் சேர்க்கச் சொன்னார். முதுகு காட்டும்போது வாய் தெரியாதே, வசதிதானே என்றார். நாவலில் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று நான் விளக்கினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார், நடுவில் தலையைக்கூட ஆட்டினார். பிறகு கேட்டார்:

“அதெல்லாம் சரி சார். பாதியில டிவி போடுறவங்களுக்கு இவன் கெட்டவன்னு யாரு சொல்றது?”

ராணிக்கு ஒரு தங்கை

ரூபனை மாமாக் கடையில், இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்தான், முதலில் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பகலில் சிங்கப்பூரில் வேலை, மற்ற நேரத்தில் குறும்படம். இப்போது முதல் பெரிய படம் எடுக்கப் போகிறார், தமிழில் வந்த ஒரு மாயாஜால நாவலை. பெயர் ‘ஏழாம் மதகு’. நான் படித்திருந்தேன். படித்தீர்களா என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். ரூபன் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. ஆகவே கைப்பேசிச் செயலி ஒன்றை வாசிக்கவிட்டு, சிங்கப்பூர்ப் பாலத்து ஜாமில் பஸ்ஸில் நின்றுகொண்டே முழு நாவலையும் காதால் கேட்டிருக்கிறார். கேட்ட கையோடு ஆங்கிலத்தில் திரைக்கதை எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்குத் தமிழ் வசனம் எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

கதை இதுதான். ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம். மேல்தெரு, கீழ்த்தெரு என்று இரண்டு பாதி. தண்ணீரைத் தடுத்து நிற்கும் ஏழு மதகுகள். ஒருநாள் ஆறு பொங்குகிறது. ஏழாம் மதகைத் திறந்தால் கீழ்த்தெரு மூழ்கும், மேல்தெரு பிழைக்கும். திறக்காவிட்டால் இரண்டும் போகும், அல்லது தண்ணீர் தானாக வடிந்தாலும் வடியும். ராணி நீராழி தன் கையாலேயே திறக்கிறாள். ஏன் என்று யாருக்கும் சொல்வதில்லை. மறுநாளும் ராணியாகவே இருக்கிறாள், வரி வசூலிக்கிறாள், வழக்குக் கேட்கிறாள்.

ரூபன் இதை என்னிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தே தாரேக் தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒரு தங்கையை ராணிக்குச் சின்ன வயதில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். நாவலில் தங்கை இல்லையே என்றேன். அதனால்தான் சேர்த்தேன் என்றார்.

“சும்மா ஒருத்தங்க கதவ தெறந்துவிட மாட்டாங்க பாஸ், பின்னால ஒரு சோகம் இருக்கணும் லா.”

வாய்க்கரிசி

தமிழில் இருந்த நாவல் ஆங்கிலத் திரைக்கதையாகி, என் மேசையில் மறுபடி தமிழாக வேண்டும். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போன துணிமூட்டை வேறு யாருடைய துணியாகவோ திரும்பி வருவது போல. நாவலில் எதிரி நாட்டுத் தளபதி ஒருவன் நீராழியைப் பார்த்து, “உனக்கு வாய்க்கரிசி போடாம எனக்குத் தூக்கம் இல்ல” என்கிறான். என் கைக்கு வந்த திரைக்கதையில், உனக்கு என் கையால் சோறு ஊட்டும்வரை எனக்கு உறக்கம் இல்லை என்கிறான். அதோடு நிற்கவில்லை. அடுத்து ஒரு விருந்து, விளக்கு வெளிச்சம், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். நாவல் முழுக்க அவள் கழுத்துக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவன், ஒரு பிடி அரிசியில் காதலனாகிவிட்டான்.

பிணத்தின் வாயில் போடும் அரிசி அது என்று ரூபனிடம் சொன்னேன். “அலமாக்” என்று பதறினார், உடனே விருந்தை எடுத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாவலாசிரியையிடமும் போனில் சொன்னேன். புஷ்பலதா, சாஆ என்ற சிற்றூரில் இருக்கிறார். சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தில் தாதி. வேலைக்கு நடுவில் கைப்பேசியிலேயே தொடராக எழுதி, பிறகு கெட்டியான புத்தகமாக வந்தது ‘ஏழாம் மதகு’. என்னை அண்ணே என்பார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

“ராணியக் கட்டிக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணே, அந்தத் தளபதிக்கு ஏற்கனவே மூணு பொண்டாட்டி.”

மயிலிறகு வைத்த மந்திரிகள்

திரைக்கதை தவணை தவணையாக வந்துகொண்டிருந்தது. ஒரு தவணையில் ஐந்து புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். முகமூடி அணிந்த ஐந்து மந்திரிகள். நாவலில் மந்திரி ஒருவர்தான், அவருக்கும் காது கேட்காது. திரைக்கதையிலோ இந்த ஐவரும் ரகசியமாகக் கூடி ஏழாம் மதகைத் திறந்துவிடுகிறார்கள். நீராழி ஓடிவந்து பார்ப்பதற்குள் கீழ்த்தெரு போய்விடுகிறது. அவள் அழுகிறாள். அழுதுகொண்டே பழியையும் ஏற்றுக்கொள்கிறாள். செய்தவளைச் செய்யாதவளாக்கி, அதற்கு மேல் தியாகியும் ஆக்கியாயிற்று.

நாவலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், முகமூடியின் கயிறுகூட இல்லை. மாமாக் கடையில் ரூபனைப் பிடித்துக் கேட்டேன். அவர் கைப்பேசியில் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்து ஓடவிட்டார். வெள்ளம் வடிந்த பிறகு சபை கூடுகிறது. மதகைத் திறந்தது யார் என்று கேள்வி. “அவ”, “அவதான்” என்று ஒவ்வொருவராக ராணியைக் கைகாட்டுகிறார்கள். கடைசியில் ஓடக்காரன் எழுந்திருக்கிறான். கீழ்த்தெருவில் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரையும் பறிகொடுத்தவன். செயலியின் உணர்ச்சியற்ற பெண் குரல் அவன் வசனத்தை வாசித்தது: “அவங்கதான் தெறந்தாங்க.” அத்தியாயம் அங்கே முடிகிறது. ரூபன் நிறுத்திவிட்டு, சாட்சியை ஒப்படைத்த வக்கீல் மாதிரி என்னைப் பார்த்தார்.

“அவங்கன்னா ராணிதான் ரூபன். மரியாதையா சொல்றாரு.”

“யாருக்கு யாரு மரியாதை? குடும்பமே தண்ணில போச்சு பாஸ். எதையும் இழக்காதவன்லாம் ‘அவ’ன்னு ஏசுறான். எல்லாத்தையும் இழந்த இவன் மட்டும் ‘அவங்க’ங்கிறான். அப்ப அது வேற ஆளுங்கன்னுதானே அர்த்தம்?”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மலாயில் பலரைச் சொல்ல ‘மெரேக்கா’ என்று தனிச்சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘தே’ இருக்கிறது. நம் பேச்சில்தான் ஒரு கும்பலுக்கும், மதிக்கிற ஒரே ஒரு பெண்ணுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறோம். கெட்டுப்போனவன் கெடுத்தவளை மரியாதையாகப் பேசுவான் என்று ரூபனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்க முடியாத இடத்தில் ஐந்து பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவர்களுக்கு அடுத்த பாகத்துக்கும் சேர்த்துக் கதை யோசித்து வைத்திருந்தார். காவடி அலங்காரம் செய்கிற ஒருவரிடம் சொல்லி, மயிலிறகு வைத்த முகமூடிகளும் தயாராகிவிட்டன. கைப்பேசியில் படம் காட்டினார். அழகாகத்தான் இருந்தன.

“மாஸ்க்கு எல்லாம் ஒட்டிக் காய வச்சாச்சு பாஸ், இப்ப வந்து மரியாதைங்கிறீங்க.”

சாஆவில் ஒரு மதியம்

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. புஷ்பாவுக்கு ஓய்வு நாளாகப் பார்த்து சாஆவுக்கு வண்டியை விட்டேன். வழியெல்லாம் செம்பனை, அப்புறம் அவர் இருக்கும் தாமான் குடியிருப்பு, வரிசை வீடு. வரவேற்பறையிலேயே பலகை போட்டு, தாதிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லி, சிராப் தண்ணீர் கொடுத்துவிட்டு, கையை நிறுத்தாமலே கேட்டார். நான் சொல்லி முடித்தேன்.

“அஞ்சு பேரா?”

“அஞ்சு பேர்.”

“மயிலிறகு வச்சா?”

“வச்சு.”

“ஆளுக்கு ஒண்ணா, ரெண்டா?” என்றார். சிரிப்பது போல இருந்தது, ஆனால் இஸ்திரிப் பெட்டி காலர் மேல் நின்றுவிட்டது. துணி பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் எடுத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கதையை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

வந்ததற்கு ஒரு வாசகனாகவும் கேட்டுவிடலாம் என்று, ஓடக்காரர் ஏன் ‘அவங்க’ என்கிறார் என்று கேட்டேன். பயமா, பழக்கமா, மன்னித்துவிட்டாரா. தனக்குத் தெரியாது என்றார். முதலில் ‘அவ’ என்றுதான் எழுதிப் பார்த்தாராம், அந்த ஆள் வாயில் உட்காரவில்லையாம். இரண்டு வாரம் அந்த ஒரு இடத்திலேயே கதை நின்றதாம். பிறகு ‘அவங்க’ என்று போட்டதும் ஓடியதாம். “அந்த ஒரு வரிதான் அண்ணே புக்கு. மத்ததெல்லாம் அதுக்கு வாசப்படி.” பொசுங்கிய காலரை விரலால் தேய்த்துப் பார்த்தார். கிளம்பும்போது கேட்வரை வந்தார்.

“அவங்கள கெட்டவங்களாகூட காட்டட்டும், பரவால்ல அண்ணே. செய்யாதவங்களா மட்டும் காட்ட வேணாம்.”

அன்னாசிக் காட்டில் சபை

சபைக் காட்சியை பெக்கான் நானாஸில் எடுத்தார்கள். அன்னாசித் தோட்டத்தை ஒட்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கிடங்கு. உள்ளே திரை கட்டி, நாற்காலிக்குத் தங்கக் காகிதம் ஒட்டி அரண்மனையாக்கியிருந்தார்கள். புஷ்பா சொன்னதை ரூபனிடம் அப்படியே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறவர் முகமூடிகளையும் கொண்டுவந்திருந்தார்.

வெயில் ஒரு பக்கம் வேலை பார்த்தது. முகமூடியைப் போட்டதும் உள்ளே வேர்த்துப் பசை இளகி, மயிலிறகுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து ஐவரின் மூக்குக்கு முன்னால் தொங்கின. அவர்களைக் குளிர்சாதனம் ஓடும் வேனில் உட்கார வைத்து, இறகுகளை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வானமோ கருத்துக்கொண்டு வந்தது. ஐந்து பேரைப் பிறகு எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், ஓடக்காரர் வசனத்தை மட்டும் முடித்துவிடுவோம் என்று ரூபன் முடிவெடுத்தார். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன் ஒன்றை வைத்தார்கள்.

ஓடக்காரராக நடித்தவர் மணியம். தம்போயில் பள்ளி வேன் ஓட்டுபவர், கோயில் நாடகங்களில் எமனாக நடித்துப் பெயர் வாங்கியவர். “தம்பி, இத யாரப் பாத்துச் சொல்றது?” என்று கேட்டார். “அந்தக் கோனப் பாருங்க அண்ணே, அங்கதான் அவங்க நிப்பாங்க” என்றார் ரூபன். மணியம் கோனைப் பார்த்துச் சொன்னார், வேனுக்கு வழிவிடச் சொல்வது போல இருந்தது. மறுபடி சொன்னார், கோன் மேல் ஏதோ கோபம் போல இருந்தது. அடுத்த முறை கண்ணைக் கோனில் வைத்துத்தான் ஆரம்பித்தார். பாதி வரியில் பார்வை தானாக நகர்ந்து, தங்கக் காகித நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராணியின் மேல் போய் நின்றது. குரல் இறங்கியது. தலை கொஞ்சம் தாழ்ந்தது. “அவங்கதான் தெறந்தாங்க.” ராணியாக நடித்த பெண் அசையவில்லை. அதே நேரம் மழை தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தது, அன்றைய வேலை முடிந்தது.

ஏன் அந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று ரூபன் கேட்டார். மணியம் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரோட்டுக் கோனுக்கு எப்படி தம்பி மரியாத குடுக்கறது, வாய்ல வர மாட்டேங்குது.”

பாலத்து ஜாம்

பிறகொரு நாள் முகமூடிக்காரர்களைத் தனியாக எடுத்து முடித்தார்கள். படத்தை வெட்டி ஒட்டும் வேலை ரூபன் வீட்டில் நடந்தது. வசனம் சரிபார்க்க நானும் போனேன். கோனைப் பார்த்துச் சொன்னதை வைத்தால் முகமூடிகளோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் மணியம் மரக்கட்டையாக நிற்கிறார். ராணியைப் பார்த்துச் சொன்னது பிரமாதம், ஆனால் ஐந்து பேரும் அம்போ. ரூபன் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்து, “ராணியா தெறந்தாங்க?” என்றார். ரூபன் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

அதன் பிறகுதான் மனம்விட்டுப் பேசினார். பாலத்தில் பஸ் நகராத மாலைகளில்தான் இந்தக் கதையைக் கேட்டாராம். யாருக்கும் சமாதானம் சொல்லாமல், அழாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே போகிற அந்த ராணியை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதாம். மதகு அத்தியாயம் வந்தபோது காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டாராம். ராணிக்குத் தங்கையைச் சேர்த்தும் மனம் ஆறாமல், பிறகொரு நாள் சபை அத்தியாயத்தை மறுபடி கேட்டபோது, ஓடக்காரர் ‘அவங்க’ என்றாராம். அப்பாடா, வேறு யாரோ, என்று பஸ்ஸிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்ற சீனர் திரும்பிப் பார்த்தாராம்.

நாவலைக் கெடுக்கிறவர்கள் அலட்சியத்தால் கெடுக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிரியத்தால் கெடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். கடைசியில் மணியத்தின் நல்ல நடிப்பையே வைத்தார். ஓடக்காரர் ராணியைப் பார்த்துச் சொல்கிறார், அடுத்த காட்சியில் முகமூடிக்காரர்கள் வருகிறார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றார். கணினியை மூடும்போது திரையில் நின்றிருந்த நீராழியைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். அந்த வாக்கியத்திலும் அதே சொல் வந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

“அவங்க அப்படிச் செஞ்சிருக்கவே மாட்டாங்க பாஸ்.”

கீழே ஓடும் எழுத்து

மிச்சம் இருந்தது மலாய், ஆங்கில வரிகள். தமிழ் வசனம் இரண்டு பக்கமும் தலையாட்டும். இந்த இரண்டு மொழிகளும் அப்படித் தலையாட்டாதவை. ஒருவரா, பலரா என்று சொல்லியே ஆகவேண்டும். ரூபன் கைப்பேசியில் தெளிவாக அனுப்பியிருந்தார்: மலாயில் ‘மெரேக்கா’, ஆங்கிலத்தில் ‘தே’. காரணமும் சொல்லியிருந்தார். இணையத்தில் முக்கால்வாசிப் பேர் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பார்ப்பார்கள், ராணி என்று போட்டால் அடுத்த காட்சியில் வரும் ஐவர் எதற்கு என்று கேட்பார்கள். ஐவர் இல்லையென்றால் இரண்டாம் பாகம் இல்லை. இரண்டாம் பாகத்துக்கும் வசனம் நான்தான் என்று ஏற்கெனவே பேசியிருந்தோம். எல்லாமே நியாயமான காரணங்கள்.

ஒருவரைத்தான் சொல்வதென்றால் மலாயில் ‘டியா’ போதும், ஆணோ பெண்ணோ, மதிப்போ ஏச்சோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும். சபையில் மற்றவர்கள் ராணியை ஏசும் இடங்களில் அதைத்தான் போட்டிருந்தேன். அரசருக்கும் அரசிக்கும் மட்டும் ‘பகிண்டா’ என்று வேறொரு சொல் இருக்கிறது. ஜொகூரில் வானொலிச் செய்தி கேட்கிற யாருக்கும் அது தெரியும். ஒருவரைத்தான் குறிக்கும், குனிந்துதான் சொல்ல வரும். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, ‘ஷீ’ என்றால் ஷீதான்.

வரியைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை முடித்துக்கொண்டிருந்தபோது புஷ்பா கூப்பிட்டார். தமிழில் எப்படி வந்திருக்கிறது என்று சொன்னேன். மணியம் பார்வையைத் திருப்பிய விதத்தையும் சொன்னேன். நல்லா இருக்கு என்றார். பிறகு, தமிழ் தெரியாதவர்களுக்கு என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றேன்.

“எங்க சென்டர்ல மஸ்னா இருக்காங்க அண்ணே, லிங் இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ்ப் புக்கு படிக்க வராது. நான் எழுதிக்கிட்டு இருந்த காலத்துலயே டீ நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா மலாய்ல சொல்லி அவங்க கேட்ட கதை. ராணி தெறந்த அன்னிக்கு மஸ்னா என்கூட பேசல, தெரியுமா? சாயங்காலம்வரைக்கும் பேசல. மறுநாள் வந்து, அந்த ஓடக்காரன் என்னதான் சொன்னான்னு கேட்டாங்க. இப்ப படம் வருதுன்னு லீவு சொல்லி வச்சிருக்காங்க ரெண்டு பேரும். அவங்களுக்குக் கீழ ஓடுற எழுத்துதான் என் கதை. நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. என்ன போடுறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டா, அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்குவேன்.”

ஒரு ராணியைத் திரைக்குக் கொண்டுவர இயக்குநர், நடிகர், தங்கக் காகிதம், ஒரு கிடங்கு எல்லாம் வேண்டியிருக்கிறது, அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒருவன் போதும் என்பதுதான் இந்தத் தொழிலின் கோளாறு.

மலாயில் ‘பகிண்டா’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஷீ’ என்றும் அடித்து, அப்படி அடித்திருப்பதை ரூபனுக்கு ஒரு வரியில் எழுதி, கோப்பை அனுப்பினேன்.